எபிசோட் 37: ஆறு வாரம் கட்டில்ல – முதுகுவலிக்கு "படுத்தே இரு"ன்னு சொன்ன காலத்தின் கதை

இது பேசின எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது நான் போட்ட "என்னன்னா", "அதாவது" எல்லாத்தையும் முடிஞ்சவரை வெட்டியாச்சு. ஒன்னு ரெண்டு தப்பிச்சிருந்தா விட்டுடுங்க.

2004 டிசம்பர். எனக்கு ஏழு வயசு. திண்டுக்கல்ல அப்பாவுக்கு ஒரு சின்ன பெயிண்ட் கடை. பொங்கலுக்கு முந்தின ஒன்றரை மாசம்தான் அந்தக் கடைக்கு உயிர். ஊரே வீட்டுக்கு வெள்ளையடிக்கும். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், எனாமல், பிரஷ், உப்புத்தாள்னு கடை வாசல்ல மேஸ்திரிங்க நிப்பாங்க. வருஷ வியாபாரத்துல பாதி அந்த நாட்கள்லதான்னு அம்மா இப்பவும் சொல்லுவாங்க.

டிசம்பர் முதல் வாரம், 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கிட்டுத் திரும்பும்போது அப்பாவுக்கு இடுப்புல பிடிச்சுக்கிச்சு. அப்படியே கல்லாப்பெட்டி பக்கத்துல உட்கார்ந்துட்டார். ஆட்டோல ஏத்தி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க. "டிஸ்க் விலகியிருக்கு. ஆறு வாரம் கம்ப்ளீட் பெட் ரெஸ்ட்." முதல் அஞ்சு நாள் அங்கேயே, இடுப்புல பெல்ட் கட்டி, கால்மாட்டுல எடை தொங்கவிட்டு. அப்புறம் வீட்டுக் கட்டில்ல, மெத்தை போடாம, பலகை மேல. பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திருக்கலாம். சுனாமி செய்தியை அப்பா படுத்தபடியே தலையை மட்டும் திருப்பி டிவில பார்த்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

பொங்கல் வந்துச்சு, போச்சு. கடை பெரும்பாலும் பூட்டித்தான் இருந்துச்சு. அப்பா எழுந்து நின்னப்போ தொடை ரெண்டும் மெலிஞ்சு போயிருந்துச்சு, கால் நடுங்கிச்சு. மேஸ்திரிங்க அதுக்குள்ள வேற கடைக்குப் பழகிட்டாங்க. ரெண்டு வருஷத்துல கடையைக் கொடுத்துட்டு, இன்னொருத்தர் கடைல சேல்ஸ்மேனா சேர்ந்தார். அதுக்கப்புறம் அப்பா குனிஞ்சு எதையும் எடுத்ததில்லை. கீழே விழுந்த சாவிக்கொத்தைக் கூட "டேய், அதை எடுடா"ன்னு என்கிட்டதான் சொல்லுவார்.

நான் இதை இவ்வளவு விலாவாரியா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. முதுகுவலிக்கு நீண்ட நாள் படுக்கை வேலைக்கு ஆகாதுன்னு காட்டின முக்கியமான ஆய்வு வந்தது 1986-ல. அதை இன்னும் உறுதியாக்கின ஆய்வு 1995-ல. அப்பா படுத்தது 2004-ல.

சரி, இந்த "படுத்தே இரு" எங்கிருந்து வந்துச்சு?

19-ஆம் நூற்றாண்டு லிவர்பூல்ல ஹ்யூ ஓவன் தாமஸ்னு ஒரு எலும்பு மருத்துவர் இருந்தார். தலைமுறை தலைமுறையா எலும்பு முறிவுக்குக் கட்டு போடுற குடும்பம். நம்ம ஊர்ல புத்தூர் கட்டு போடுற வைத்தியர் குடும்பம் மாதிரி வச்சுக்கங்க. அதுல இவர் முறைப்படி டாக்டருக்குப் படிச்சவர். அந்தக் காலத்துல எலும்புலயும் மூட்டுலயும் காசநோய் வர்றது சகஜம். ஆன்டிபயாட்டிக் கிடையாது. வீங்கின மூட்டை அசையாம வச்சாதான் ஏதோ கொஞ்சம் தேற வாய்ப்பு. அதனால ஓய்வுன்னா அது கட்டாயமா, இடைவிடாம, நீண்ட நாளைக்கு இருக்கணும்ங்கறது தாமஸோட கொள்கை. லண்டன்ல ஜான் ஹில்டன்னு இன்னொரு சர்ஜன் ஓய்வையும் வலியையும் பற்றி 1863-ல ஒரு புத்தகமே போட்டார். தாமஸ் வடிவமைச்ச கால் கட்டு அவர் செத்த பிறகு முதல் உலகப் போர்ல தொடை எலும்பு முறிஞ்ச ஏகப்பட்ட சிப்பாய்களைக் காப்பாத்துச்சு. ஆக, ஓய்வுக்கு இருந்த மரியாதை சும்மா வந்ததில்லை.

வழுக்கின இடம் அடுத்தது. 1934-ல அமெரிக்காவுல மிக்ஸ்டர், பார்னு ரெண்டு மருத்துவர்கள், முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினா காலுக்கு வலி இறங்கும்னு காட்டினாங்க. அது பெரிய கண்டுபிடிப்புதான். ஆனா அதுக்கப்புறம் சாதாரண முதுகுப் பிடிப்புக்குக் கூட "டிஸ்க்"ங்கற பேர் ஒட்டிக்கிச்சு. டிஸ்க்னா ஏதோ உடைஞ்சிருக்கு, உடைஞ்சதை அசைக்கக் கூடாது. 1960-கள்ல ஸ்வீடன்ல ஆல்ஃப் நாக்கெம்சன் டிஸ்குக்குள்ள ஊசி விட்டு அழுத்தத்தையே அளந்தார். உட்கார்ந்தா அதிகம், படுத்தா ரொம்பக் குறைவு. பார்த்தீங்களா, படுக்கணும்ங்கறதுக்கு இப்போ நம்பரும் கிடைச்சாச்சு.

எங்க வேலைல இது தினமும் நடக்கும். சர்வர்ல சிபியூ லோடு குறைஞ்சிருச்சுன்னு டீமே கைதட்டும். ஆப் வேகமாச்சான்னு யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டாங்க. டிஸ்க் அழுத்தத்தை அளந்தாங்க. படுத்த ஆள் சீக்கிரம் குணமாகிறாரான்னு அளக்கிறதுக்கு இன்னும் 20 வருஷம் ஆச்சு.

இதே காலகட்டத்துல இன்னொரு கூட்டம் எதிர்த் திசைல போயிட்டு இருந்துச்சு. அவங்க பெரும்பாலும் டாக்டர்கள் இல்லை.

முதல் ஆள், ஸ்டாக்ஹோம்ல பெர் ஹென்ரிக் லிங். கவிஞர், வாள் சண்டை சொல்லிக் கொடுக்கிற வாத்தியார். வாள் பயிற்சியால தன்னோட உடம்பு வலி சரியானதுனாலதான் உடற்பயிற்சி மேல நம்பிக்கை வந்ததுன்னு அவரைப் பற்றிச் சொல்லுவாங்க. 1813-ல அரசு உதவியோட ஒரு உடற்பயிற்சி நிறுவனம் ஆரம்பிச்சார். சிப்பாய்களுக்குப் பயிற்சி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி, கூடவே நோயாளிகளுக்குன்னு தனியா ஒரு பிரிவு. இன்னைக்கு பிசியோதெரபியோட வரலாற்றை எழுதறவங்க பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குறாங்க.

ரெண்டாவது கதைல எனக்கு ஒரு தனிப் பிரியம். 1894, லண்டன். மசாஜ் நிலையம்ங்கற பேர்ல பாலியல் தொழில் நடக்குதுன்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு பெரிய சர்ச்சையைக் கிளப்புச்சு. உண்மைலயே நோயாளிகளுக்கு மசாஜ் சிகிச்சை கொடுத்துட்டு இருந்த நர்ஸுகளுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்னு யோசிச்சுப் பாருங்க. தொழிலைச் சொன்னாலே ஜனங்க சிரிப்பாங்க. அப்போ லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பால்மர்னு நாலு பெண்கள் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கான சங்கம்னு ஒன்னைத் தொடங்கினாங்க. தேர்வு வச்சாங்க, சான்றிதழ் கொடுத்தாங்க. விதிகளும் கடுமை: டாக்டர் சொல்லாம யாரையும் தொடக் கூடாது, பொதுப் பத்திரிகைல விளம்பரம் கூடாது, நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது. தொழிலுக்கு மானம் வேணும்னா டாக்டரோட நிழல்ல நிக்கணும்ங்கற விலையை அவங்க கொடுத்தாங்க. அந்த நிழல் ரொம்ப நாள் விலகலை. 1920-ல அரச சாசனம் கிடைச்சது, 1944-ல பிசியோதெரபி சங்கம்னு பேர் மாறுச்சு. இன்னைக்கு பிரிட்டன்ல பிசியோதெரபிஸ்டுகளோட அமைப்பு அந்த நாலு பேர் போட்ட விதைதான்.

நடுவுல வந்த முதல் உலகப் போர் இந்தத் தொழிலை ஒரே தள்ளாத் தள்ளிவிட்டுச்சு. குண்டடி பட்டவங்களை சர்ஜன் உயிரோட அனுப்பிடுவார், ஆனா மடங்காத முழங்காலும் விறைச்ச தோளும் அப்படியே இருக்கும். பிரிட்டன்ல 50 பேரோட ஆரம்பிச்ச ஒரு ராணுவ மசாஜ் படை போர் முடியறதுக்குள்ள ஆயிரக்கணக்குல வளர்ந்துச்சு. அமெரிக்காவுலயும் அப்படித்தான், அங்க ராணுவத்துல வேலை பார்த்த மேரி மக்மில்லன் 1921-ல பெண் பிசியோதெரபிஸ்டுகளோட தேசிய சங்கத்துக்கு முதல் தலைவரானாங்க.

அடுத்தது போலியோ. இதுல எலிசபெத் கென்னியைச் சொல்லாமப் போக முடியாது. ஆஸ்திரேலியாக்காரங்க. முறையான நர்ஸிங் படிப்பே கிடையாது. போலியோ வந்த குழந்தையோட கை காலைப் பலகையோட கட்டி, மாசக்கணக்குல அசையாம வைக்கிறதுதான் அப்போ மருத்துவம். கென்னி கட்டை அவுத்தாங்க. கம்பளித் துணியை வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்சு ஒத்தடம் கொடுத்தாங்க, கை காலை மெதுவா அசைச்சுக் கொடுத்தாங்க, குழந்தையையே அசைக்கச் சொன்னாங்க. குயின்ஸ்லாந்து அரசு போட்ட விசாரணைக் குழு 1938-ல இவங்க முறையைக் கிழிச்சுத் தோரணம் கட்டுச்சு. 1940-ல அமெரிக்கா போனாங்க. ரெண்டே வருஷத்துல மினியாபொலிஸ்ல இவங்க பேர்ல ஒரு நிறுவனம். 1951-ல அமெரிக்கர்கள் அதிகம் மதிக்கிற பெண் யாருன்னு காலப் கருத்துக்கணிப்பு எடுத்தப்போ எலினோர் ரூஸ்வெல்ட்டைத் தாண்டி முதல் இடம் இவங்களுக்கு. இதுல ஒரு விஷயம் சொல்லணும்: போலியோ உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு கென்னி சொன்ன விளக்கம் தப்பு. செய்முறை சரி, தியரி தப்பு. டாக்டர்கள்ல நிறைய பேர் தியரியைப் பார்த்துட்டு செய்முறையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டாங்க.

இந்தியாவுக்கும் இந்தத் தொழில் போலியோ வழியாத்தான் பள்ளிக்கூடமா வந்துச்சு. 1950-களோட தொடக்கத்துல பம்பாய்ல போலியோ பரவினப்போ, உலக சுகாதார நிறுவனத்தோட உதவியால பரேல்ல இருக்கிற கே.இ.எம் மருத்துவமனைல நாட்டோட முதல் பிசியோதெரபி பள்ளி அமைஞ்சது.

நம்ம பக்கத்துக் கதை வேலூர்ல இருக்கு. சி.எம்.சி.ல பால் பிராண்டுன்னு ஒரு சர்ஜன், தொழுநோயால மடங்கிப் போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை செஞ்சுட்டு இருந்தார். வேற வேலை பார்த்துட்டு இருந்த ஒரு நல்ல தசையோட நாணை எடுத்து, செத்துப் போன தசையோட வேலைக்கு மாத்திக் கட்டறது. ஆனா ஆபரேஷன் முடிஞ்சா கதை முடியலை. அந்தத் தசைக்குப் புது வேலையைச் சொல்லிக் கொடுக்கணும், வாரக்கணக்குல, தினமும். கத்தி பாதி, பயிற்சி பாதி. அங்க இளம் டாக்டரா இருந்த மேரி வர்கீஸ் 1954-ல ஒரு கார் விபத்துல சிக்கினாங்க. இடுப்புக்குக் கீழ செயல் போச்சு. வாழ்க்கை முழுக்கப் படுக்கைதான்னு அந்தக் காலத்துல யாரும் முடிவு கட்டியிருப்பாங்க. இவங்க வீல்சேர்ல உட்கார்ந்துக்கிட்டே தொழுநோயாளிகளோட கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கத்துக்கிட்டாங்க. ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குப் போய்த் தானே பயிற்சி எடுத்தாங்க. அப்புறம் நியூயார்க்ல ஹோவர்ட் ரஸ்க்கிட்ட மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வேலூர் திரும்பி, அந்தத் துறைக்கே தலைவரானாங்க. 1966-ல அங்க மறுவாழ்வு மையம் திறந்துச்சு. 1972-ல பத்மஸ்ரீ. வேலூர்ல இருந்து திண்டுக்கல்லுக்கு ஒரு ராத்திரி பஸ் போதும். அந்த யோசனை எங்க தெருவுக்கு வர ஏன் இத்தனை வருஷம் ஆச்சுங்கறதுதான் எனக்கு ஆறாத கேள்வி.

சரி, முதுகுவலிக்கு வருவோம். படுக்கையே ஆபத்துன்னு 1947-லயே ரிச்சர்ட் ஆஷர்ங்கற பிரிட்டிஷ் டாக்டர் எழுதிட்டார். ரத்தம் உறையும், தசை கரையும், எலும்புல கால்சியம் போகும், மனசும் சோரும்னு ஒவ்வொரு உறுப்பா எடுத்துச் சொன்னார். ஆனா அது ஒருத்தரோட கருத்து. நம்பர் வந்தது 1966-ல, டல்லாஸ்ல. இருபது வயசுல நல்லா இருந்த அஞ்சு பையன்களை மூணு வாரம் கட்டில்ல படுக்க வச்சாங்க. எழுந்தப்போ அவங்க உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்துற அதிகபட்சத் திறன் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு குறைஞ்சிருந்துச்சு. இந்த ஆய்வோட ரெண்டாம் பாகம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 30 வருஷம் கழிச்சு அதே அஞ்சு பேரையும் கூப்பிட்டு மறுபடி அளந்தாங்க. 50 வயசு, தொப்பை எல்லாம் வந்தாச்சு. அப்பவும் இருபதுல அந்த மூணு வாரம் பண்ணின சேதம், 30 வருஷ வயசு பண்ணின சேதத்தை விட அதிகம்.

அப்பா படுத்தது ஆறு வாரம். வயசு நாற்பத்தி ரெண்டு.

முதுகுவலிக்கே நேரடியான சோதனை 1986-ல. டெக்சாஸ்ல ரிச்சர்ட் டேயோவோட குழு 203 நோயாளிகளைக் குலுக்கல் முறைல ரெண்டாப் பிரிச்சாங்க. எங்க பாஷைல சொன்னா ஏ/பி டெஸ்ட். ஒரு பக்கத்துக்கு 2 நாள் படுக்கை, இன்னொரு பக்கத்துக்கு 7 நாள். 2 நாள் கூட்டம் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு. வலி, நடமாட்டம் இதுல எல்லாம் ரெண்டு பக்கமும் ஒன்னுதான். அதாவது அந்தக் கூடுதல் அஞ்சு நாள் படுக்கைக்குக் கிடைச்ச லாபம் பூஜ்யம், செலவு சம்பளம்.

அப்போ ரெண்டு நாள் கூட எதுக்கு? அந்தக் கேள்விக்கு 1995-ல ஹெல்சிங்கில பதில் வந்துச்சு. நகராட்சி ஊழியர்கள் 186 பேர். ஒரு கூட்டத்துக்கு ரெண்டு நாள் படுக்கை. ஒரு கூட்டத்துக்கு முதுகை வளைக்கிற உடற்பயிற்சி. மூணாவது கூட்டத்துக்கு விசேஷமா எதுவும் கிடையாது. வலி தாங்குற அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கன்னு மட்டும் சொன்னாங்க. மூணாவது கூட்டம்தான் முந்துச்சு. படுத்தவங்கதான் கடைசி. இன்னொன்னையும் மறைக்காமச் சொல்லணும்: வலி புதுசா வந்த அந்த முதல் நாட்கள்ல உடற்பயிற்சிக் கூட்டமும் மூணாவது கூட்டத்தை ஜெயிக்கலை. பிசியோதெரபி புகழ் பாட வந்த எபிசோடுல இது கொஞ்சம் சங்கடமான தகவல்தான்.

ஆய்வு வந்துட்டா மட்டும் ஊர் மாறிடுமா? 1997-ல ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலம் ஒரு காரியம் பண்ணுச்சு. முதுகுவலின்னா படுக்காதீங்க, நடமாடுங்கன்னு டிவில, பிரைம் டைம்ல விளம்பரம் போட்டாங்க. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. விக்டோரியாவுல ஜனங்களோட நம்பிக்கையும் மாறுச்சு, டாக்டர்களோட நம்பிக்கையும் மாறுச்சு, முதுகுவலிக்காக வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைஞ்சது. சோப்பு விளம்பரம் மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னதுதான் சிகிச்சை. நம்ம டிவில அப்படி ஒன்னு ஓடி நான் பார்த்ததில்லை. வலி எண்ணெய் விளம்பரம் நிறையப் பார்த்திருக்கேன்.

இப்போ என் கதை. 2023, மேடவாக்கம். கட்டில்ல சாய்ஞ்சு லேப்டாப்பை மடில வச்சே ரெண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஒரு நாள் காலைல ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சேன், இடுப்புல இருந்து வலது தொடைக்கு ஒரு மின்னல். அப்பாவுக்கு போன் போட்டேன். "எந்திரிக்காதடா. குனியாத. பலகைல படு." குரல்ல இருந்த பயம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. நாலு நாள் படுத்தேன். நாள் போகப் போக மோசமாத்தான் ஆச்சு. அஞ்சாவது நாள் ரூம்மேட் என்னை பைக்ல ஏத்தி ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட கொண்டு போய் விட்டான்.

அவங்க முதல்ல கேட்டது வலியைப் பற்றி இல்லை. ஒன்னுக்குப் போறதுல சிரமம் இருக்கா, தொடை இடுக்குல மரத்துப் போகுதா, காய்ச்சல் இருக்கா, எடை குறையுதா, பாதம் தூக்க முடியுதா. இதையெல்லாம் நீங்களும் மனசுல வச்சுக்கங்க. இதுல ஏதாவது இருந்தாலோ, விழுந்து அடிபட்டு வலி வந்திருந்தாலோ, இந்த எபிசோடை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. முக்கியமா சிறுநீர் கட்டுப்பாடு போறதும், அந்த இடம் மரத்துப் போறதும் அன்னைக்கே பார்க்க வேண்டிய அவசரம். எனக்கு எதுவும் இல்லைன்னு தெரிஞ்சதும் குப்புறப் படுக்கச் சொன்னாங்க. எனக்கு உயிரே போச்சு. அப்பா பாவம், இருபது வருஷமா குப்புறப் படுத்ததே இல்லை.

அந்தக் குப்புறப் படுக்கைக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1956, நியூசிலாந்தோட வெலிங்டன். ராபின் மெக்கன்சி அங்க பிசியோதெரபிஸ்ட். காலுக்கு இறங்கின வலியோட வந்த ஒரு நோயாளியை, உள்ள போய்க் குப்புறப் படுங்கன்னு அனுப்பிட்டு வேற வேலையா நின்னுட்டார். மேஜையோட தலைப்பக்கம் முன்னாடி வந்தவருக்காகத் தூக்கி வச்சிருந்துச்சு. அந்த ஆளும் அப்படியே அதுல முதுகு பின்பக்கமா வளைய அஞ்சு நிமிஷம் கிடந்தார். மெக்கன்சி வந்து பார்த்துப் பதறிட்டார், ஏன்னா அந்தக் காலத்துல அந்த வளைவு தப்புன்னுதான் பாடம். ஆனா நோயாளி சொன்னது, வாரக்கணக்குல இருந்த கால் வலி போயிருச்சுன்னு. அந்த ஒரு விபத்துல இருந்து அவர் ஒரு முறையையே கட்டினார். 1980-ல "உங்கள் முதுகுக்கு நீங்களே சிகிச்சை"ங்கற பொருள்ல ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். உலகம் முழுக்கப் போச்சு.

எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான். முதல்ல குப்புறப் படுத்து ரெண்டு மூணு நிமிஷம் சும்மா இருக்கணும். அப்புறம் முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கிக் கொஞ்ச நேரம். அது தாங்கினா, உள்ளங்கையை ஊன்றி மேல் உடம்பை மட்டும் தூக்கி இறக்கணும், இடுப்பு தரையை விட்டு எழக் கூடாது. பத்து தடவை, ஒரு நாளைக்கு நாலஞ்சு வேளை. இதுல கவனிக்க வேண்டிய சிக்னல் ஒன்னு: கால்ல இருக்கிற வலி மேல ஏறி இடுப்புப் பக்கம் ஒதுங்கினா நல்லது, இடுப்புல கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வலி இன்னும் கீழ, கெண்டைக்கால் பாதம்னு இறங்கினா நிறுத்திடணும். சிலருக்கு இது நேர் எதிரா இருக்கும், குனிஞ்சாதான் சுகம். வயசானவங்கள்ல நிறைய பேர் அப்படி. அவங்களுக்கு மல்லாக்கப் படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கிற பயிற்சி, அது 1930-கள்ல பால் வில்லியம்ஸ் காட்டினது. அதனாலதான் யூடியூப் பார்த்து எல்லாருக்கும் ஒரே பயிற்சின்னு போகாதீங்க, ஒரு தடவை நேர்ல காட்டிடுங்கன்னு கெஞ்சறேன்.

கூடவே நாற்காலில இருந்து கையை ஊன்றாம எழுந்து உட்கார்றது, பத்து தடவை. அரை மணிக்கு ஒரு தரம் சீட்டை விட்டு எழுந்திருக்கிறது. நடை, முதல் நாள் அஞ்சு நிமிஷம். தெருமுனை ஆவின் பூத் வரைக்கும் போயிட்டுத் திரும்பினேன். பின்னாடி வந்த பாட்டி என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போனாங்க.

மூணு வாரத்துல ஓரளவு சரியாச்சு. பயிற்சிதான் சரி பண்ணுச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். முதுகுவலி நிறைய பேருக்குத் தானாவே குறையுற விஷயம். 1998-ல 321 பேரை வச்சு ஒரு சோதனை: மெக்கன்சி முறை, முதுகெலும்பை நெட்டி எடுக்கிற கைரோபிராக்டிக், வெறும் ஒரு கையேடு. முதல் ரெண்டும் கையேட்டை விடக் கொஞ்சமே கொஞ்சம்தான் மேல. ஆனா நான் எழுந்தேன்ல, பயம் போச்சுல, அதுக்கு அவங்கதான் காரணம்.

ஒரு குட்டிக் கோபம், சொல்லிட்டுப் போயிடறேன். நம்ம ஊர்ல பிசியோதெரபின்னாலே "கரண்ட் வைக்கிறது"ன்னு ஆகிப்போச்சு. பத்து சிட்டிங், இருபது சிட்டிங், மெஷினுக்குக் கீழ படுத்துட்டு போன் பார்த்துட்டு வர்றது. பிரிட்டனோட நைஸ் அமைப்பு 2016-ல கொடுத்த வழிகாட்டுதல்ல, இடுப்பு வலிக்கு அல்ட்ராசவுண்ட், கரண்ட் சிகிச்சை, டிராக்‌ஷன், இடுப்பு பெல்ட் எதையும் கொடுக்காதீங்கன்னு தெளிவா இருக்கு. பயிற்சி கொடுங்கன்னும் இருக்கு. மெஷின்ல படுக்கிறதும் ஒரு வகைல படுக்கிறதுதானே?

கடைசியா, 2024-ல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ஒரு ஆய்வு. முதுகுவலி வந்து சரியான 701 பேர். பாதி பேருக்கு பிசியோதெரபிஸ்ட் உதவியோட படிப்படியா நடைப் பயிற்சி, வாரத்துக்கு அஞ்சு நாள் அரை மணி நேரம் வரைக்கும் கூட்டிக்கிட்டே போற மாதிரி, கூடவே முதுகைப் பற்றின விளக்கமும். மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. நடந்தவங்களுக்கு அடுத்த தடவை வலி வர்றதுக்கு சராசரியா 208 நாள் ஆச்சு. நடக்காதவங்களுக்கு 112.

இதை அப்பாவுக்கு போன்ல வாசிச்சுக் காட்டினேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அந்த எழுநூறு பேர்ல பெயிண்ட் கடை வச்சிருந்தவன் எவனாச்சும் உண்டா?"ன்னார். சிரிச்சேன். அவர் சிரிக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ அந்த ஆறு வாரம் நான் எதுக்குடா படுத்தேன்?"னு கேட்டார். அந்த டாக்டர் மேல எனக்குக் கோபம் இருந்துச்சு, இப்போ அவ்வளவா இல்லை. அவர் படிச்ச காலத்துல அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை எங்களுக்குச் சொல்லியிருக்கார். ஆனா இதை அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, "சாப்டீங்களாப்பா"ன்னு கேட்டு போனை வச்சுட்டேன்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் அப்பா செருப்பை மாட்டிக்கிட்டு, அம்மாகிட்ட பால் வாங்கிட்டு வர்றேன்னு கிளம்பினார். வீட்ல பால் இருந்துச்சு. போயிட்டு வர்றதுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சுன்னு நான் பார்த்துக்கிட்டேன், கேட்கலை.

அடுத்த எபிசோட், மெட்ராஸ்ல முதல் ட்ராம் வண்டி ஓடின கதை. ரெண்டு வாரத்துல சந்திப்போம். இப்போ உட்கார்ந்துதானே இதைப் படிச்சீங்க, எழுந்து ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.